இன்னொரு கன்றின் தோல்

செல்ல மருமகளுக்கு,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பக்கத்துப் பண்ணை ஆரினைப் பற்றித்தான் விசாரித்திருக்கிறாய். அவன் பசுவை ஓநாய் அடித்தது உண்மைதான். நஷ்டஈடு வந்தது, பத்திரிகையில் படம் வந்தது, பாதிரியார் மனைவி கேக்கோடு வந்தாள். அதே இரவில் என் கன்றையும் அடித்தன. குதிரை உயர ஓநாய்கள், பன்னிரண்டு! எனக்கு ஒரு பிஸ்கட்கூட வரவில்லை.

விடிந்ததும் ஆரின், தாயில்லாத தன் கன்றைத் தூக்கி வந்தான். "அண்ணே, புட்டிப்பால் குடிக்க மாட்டேங்குது. உங்க பசுகிட்ட விட்டுப் பாப்போமா?"

பசு உதைத்துத் தள்ளியது. செத்த என் கன்றின் தோலை உரித்து ஆரின் கன்றின் முதுகில் கட்டினேன். மொன்டானாவிலேயே என்னளவு வேகமாக உரிப்பவன் கிடையாது! பசு மோந்து பார்த்தது, தன் கன்றின் வாசனை என்று நம்பி நக்கியது, பால் கொடுத்தது. மிச்ச உடலை நரிகள் இழுத்துப் போய்விட்டன.

மறுநாள் அரசு ஆய்வாளர் வந்தார். "தோலுக்கு உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கான்னு பாக்கணும். அப்பத்தான் ஓநாய் அடிச்சதுன்னு எழுத முடியும். கழட்டுங்க பெரியவரே."

"இப்ப கழட்டினா பசு கண்டுபிடிச்சிடும். அப்புறம் இதைச் சேர்க்காது."

"அப்ப நஷ்டஈடு கிடையாது."

"போங்கய்யா, போய் ஆரின் வீட்டுல கேக் சாப்பிடுங்க!"

கன்று இப்போது காட்டெருமை போல் கொழுத்திருக்கிறது. ஆரின் அதற்கு என் பெயரை வைத்திருக்கிறான். ஊரே பேசுகிறது, அவனுடைய பெருந்தன்மையை!

அடுத்த கடிதத்திலாவது முதலில் என்னை விசாரி.

உன் ஒரே மாமா