பின்சக்கரத்திலிருந்து வந்த சத்தம்

என் அன்பு மச்சானுக்கு,

அல்லாஹ் உங்களை நல்ல இடத்தில் வைத்திருப்பான் என்ற நம்பிக்கையோடு உங்கள் மனைவி சுபைதா எழுதுகிறேன். நீங்கள் காய்ச்சலில் மவுத்தாகி இரண்டு நோன்பு மாதம் கழிந்துவிட்டது. காரை இப்போது உங்கள் தம்பி ஓட்டுகிறார். கவனமாகத்தான் ஓட்டுகிறார். மருதமுனையில் வாடகைக் கார் இன்னும் இரண்டு வந்துவிட்டது, கேட்டால் சிரிப்பீர்கள். நம் வீட்டில் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் இருந்தபோது சொல்லாமல் விட்டது.

அந்தப் பழைய கறுப்புக் காரை நீங்கள் சாய்ந்தமருதிலிருந்து நம் வாசலுக்குக் கொண்டுவந்த வருடமே அதன் பிரேக் கத்தத் தொடங்கியது. சந்தியில் திரும்பும்போது கீச்சென்று ஒரு சத்தம். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், "மாப்பிள்ளை வாறார், காதைப் பொத்துங்க!" என்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். "கடக்கரை மண் புள்ள, உள்ளுக்குப் பூந்து கிடக்கு" என்று முன்சக்கரங்களைக் கழற்றித் துடைப்பீர்கள். இரண்டு நாள் சத்தம் குறைந்ததுபோல் இருக்கும். பிறகு வந்துவிடும்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், மச்சான். அது கேட்டதும் தறியை விட்டெழுந்து கேத்தலை அடுப்பில் வைப்பேன். நீங்கள் கைகால் கழுவி வருவதற்குள் தேத்தண்ணி ஆயத்தமாகிவிடும். "எப்பிடிப் புள்ள, நேரம் தெரிஞ்சு வைக்கிறாய்?" என்று கேட்பீர்கள். நான் கோப்பையை நீட்டுவேன்.

ஒரு நாள் அந்தச் சத்தம் மாறியது. கீச்சென்று கேட்டது போய், கல்லில் இரும்பை இழுப்பதுபோல் கரகரத்தது. தறியில் இருக்கிறவளுக்குச் சத்தம் மாறினால் தெரியாதா? ஓட்டுகிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். அது மட்டும்தானா? சொன்னால் திருத்திவிடுவீர்கள், பிறகு நீங்கள் வருவது எனக்குக் கேட்காது என்றும் ஒரு நினைப்பு. அப்படியே நான்கு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் காலையில் சாகாமத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பிரசவ நோக்காடு, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். சாப்பிடாமலே புறப்பட்டீர்கள். வாசலில் நின்று பார்த்தேன். சந்தியில் அந்தக் கரகரப்பு. அப்போதும் நான் கூப்பிடவில்லை.

பகல் முழுக்கச் சத்தமே கேட்கவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு, இடுப்புச் சாரமெல்லாம் சேறு படிய நடந்து வந்தீர்கள்.

"நிந்தவூருக்கிட்ட ஒரு மாட்டுவண்டி குறுக்க வந்திட்டுது. பிரேக் பாதிதான் பிடிச்சுது, கார் வலப்பக்கம் இழுத்துது. வயலுக்குள்ள விட்டுட்டன் புள்ள."

"அந்தப் புள்ள?"

"அந்த மாட்டுவண்டியிலயே ஏத்தி, கிட்ட ஒரு வீட்டுக்குக் கொண்டு போனாங்க. அங்கயே பெத்திட்டா. ஆம்புளப்புள்ள. ரெண்டு உசிரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்."

சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனீர்கள்.

மறுநாள் சேற்றிலிருந்து இழுத்து வந்த காரின் முன்சக்கரங்களைக் கழற்றினீர்கள். பிரேக் லைனிங் இரண்டும் நல்லபடி இருந்தன. தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தீர்கள். அப்போதுதான் வாய் திறந்தேன்.

"முன்னால இல்ல மச்சான். பின்னாலதான் கேக்குது."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவரோரமா மெல்ல ஓட்டுங்க. நான் பின்சீற்றில இருந்து கேட்டுச் சொல்றன்."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். பள்ளிக்கூட மதிலை இடப்பக்கம் வைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினீர்கள். பிரேக்கை மிதித்த ஒவ்வொரு தடவையும் மதிலில் பட்டு அந்தக் கரகரப்புத் திரும்பி வந்தது. "பின்னால, இடப்பக்கம்" என்றேன். கழற்றினீர்கள். லைனிங் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய், அதைப் பிடித்திருந்த ஆணிகள் இரும்பிலே உரசி வரி வரியாகக் கீறியிருந்தன.

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "இந்தச் சத்தம் எப்ப இருந்து புள்ள?"

"எனக்குத் தெரியா" என்றேன்.

அதுதான் மச்சான், நான் உங்களிடம் சொன்ன ஒரே பொய்.

புது லைனிங் போட்ட பிறகு கார் சத்தமில்லாமல் வந்தது. தேத்தண்ணி பிந்தியது. ஒரு கிழமை கழித்துச் சந்தியில் திரும்பும்போது ஒருதரம் ஹோன் அடித்தீர்கள். அன்றிலிருந்து தினமும் அடித்தீர்கள். தெரிந்துதான் அடித்தீர்களா? எவ்வளவு தெரிந்திருந்தது உங்களுக்கு?

தேத்தண்ணிக் கடையில் "என்ட பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா" என்று எல்லோருக்கும் சொன்னீர்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

சாகாமத்துப் பிள்ளை இப்போதும் வெள்ளாமை வெட்டியதும் புது அரிசி அனுப்புகிறாள். போன முறை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகிறானாம், முன்பல் விழுந்திருக்கிறது. "அவர் காரை வயலுக்குள்ள விட்டதாலதான் நாங்க தப்பினம்" என்று உங்களுக்காக அழுதாள். அந்த அரிசியைச் சமைத்தேன். எனக்கு இறங்கவில்லை.

இந்த முறை அவள் அனுப்பும்வரை காத்திருக்கமாட்டேன். வருகிற கிழமை உங்கள் தம்பியோடு சாகாமத்துக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்வேன். ஏசினால் ஏசட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. உங்களிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வராமலே போயிற்று.

உங்கள் மாமி மகளும் மனைவியுமான,
சுபைதா
மருதமுனை