முத்தையாவின் குடல்

ஆகஸ்ட் 6, 1974, செவ்வாய்

மழை விடவில்லை. டெய்ரி ஃபார்ம் இறக்கத்தில் சைக்கிள் சறுக்கி, பேண்டெல்லாம் சேறு.

ஆஸ்பத்திரி லேபில் சண்முகத்தாயின் ஸ்லைடு தயார். இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் முத்தையாவின் மனைவி. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலும். குழாய் கட்டிய சின்ன உலோகக் குப்பியை விழுங்க வைத்து, சிறுகுடல் உட்சுவரில் துளி கிள்ளி எடுத்தது போன வாரம். சுவரின் செல்களுக்கு நடுவே கரிய உருண்டைகள், லிம்ஃபோசைட் என்கிற வெள்ளையணுக்கள். லண்டன் புத்தகத்துப் படத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். இங்கே தேர்க்கூட்டம்.

புற்றின் ஆரம்பமோ? வார்டு டாக்டரிடம் சொன்னேன். அடுத்த மெயின்லேண்ட் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். இந்தக் கடல் கொந்தளிப்பில் அவள் உடம்பு தாங்குமா? பயமாக இருக்கிறது.

வாங்க வேண்டியவை: பிளேடு, கொசுவர்த்தி, மகளுக்கு ரிப்பன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொஞ்சம் வெயில். ஜங்லிகாட் சந்தையில் மீன் வாங்கும்போதும் அதே நினைப்பு. புத்தகத்துக் குடல் வெள்ளைக்காரனுடையது. அவன் குடித்த தண்ணீர் வேறு. இந்த ஊரில் நோயில்லாத ஒருவரின் குடலை நான் பார்த்ததே இல்லை. சுகமாக இருப்பவன் எதற்குக் குப்பியை விழுங்குவான்?

முத்தையாவிடம் நிலைமையை விளக்கும்போது இதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"என் குடலப் பாருங்க, டாக்டர் சாப். அவ திங்குற சோத்தத்தான் நானும் திங்குதேன், அதே தண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல, பில்குல் டீக்."

ரத்தம் கசியலாம், அரிதாக ஓட்டையும் விழலாம் என்றேன். அவளுக்கும் இதைத்தானே சொன்னீர்கள் என்றார். நாளை வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தூறல். காலையில் வெறும் வயிற்றோடு முத்தையா. குப்பி தொண்டையைத் தாண்டவில்லை, திரும்பத் திரும்ப ஓங்கரித்தார். கண்ணில் நீர். சண்முகத்தாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"மூக்கால மூச்சு விடுங்க. இதையே நெனச்சா எறங்காது. வேற எதையாச்சும் நெனைங்க."

இறங்கிவிட்டது. எதை நினைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். சொல்லவில்லை, வெட்கம். என்ன மனிதர்!

ஆகஸ்ட் 12, திங்கள்

கரண்ட் இல்லை. மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் இழுத்து வெளிச்சம் பிடித்தேன்.

முத்தையாவின் குடல். விரல் விரலாக நிமிர்ந்த மடிப்புகள், நல்ல ஆரோக்கியம். நடுவே அதே உருண்டைகள். அதே கூட்டம்.

அப்படியானால் கூட்டம் வியாதி இல்லை. இந்த ஊர்க் குடலின் காவல். ரத்தத்தோடு சுற்றித் திரியாமல், செல்லுக்கும் செல்லுக்கும் இடுக்கில், வாசலிலேயே நிற்கிறவை. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியின் வம்சமாக இருக்கலாம் என்று புது மருத்துவப் பத்திரிகை. சோறு, புழு, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் இவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சோற்றோடு சண்டை போடாமல் கிருமியை மட்டும் எப்படிக் கண்டுகொள்கின்றன? எந்தப் புத்தகத்திலும் இல்லை. மதியச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்முகத்தாய்க்கு மடிப்புகள்தான் குட்டையாக மழுங்கியிருக்கின்றன. அதை விட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன், மடையன். புற்று இல்லை. நம் பக்கத்துக் குடல் நோய், ஸ்ப்ரூ. வார்டு டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஃபோலிக் ஆசிட், டெட்ராசைக்ளின், இன்றே.

ரிப்பன் மறந்தாயிற்று.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. கப்பல் போய்விட்டது, அவள் இங்கேதான். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. நேற்று மீன்குழம்பு கேட்டாளாம்.

ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்றாள், தன்னுடையதை அல்ல. முத்தையா கூச்சத்தோடு வெளியே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் லென்ஸில் கண்ணை வைத்திருந்தாள்.

"நான் ஆக்கிப் போட்டதெல்லாம் இது வழியாத்தான் போச்சா?"

ஆமாம் என்றேன்.

கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.