மழைமானிக்கு ஒரு டெர்மினல்

ஜூலை 7, திங்கள்
இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்குச் சாதகமில்லாததையும். ஆஷிகாவும் நானும் செய்த மழைமானி குற்றாலச் சாரலை அளந்து, வயர் வழியாகக் கணினிக்கு எண்களை அனுப்ப வேண்டும். பள்ளிக் கணினியில் லினக்ஸ். எண்களைக் காட்ட ஒரு டெர்மினல் மென்பொருள் தேவை. வெள்ளிக்குள் எண் வராவிட்டால் மாவட்டக் கண்காட்சி இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஜூலை 8
முதல் மென்பொருள், மினிகாம். திரை கறுப்பாகவே இருந்தது. வெளியேறும் வழியும் தெரியவில்லை.
"ஏட்டி ஆவுடை, உள்ள போகத் தெரிஞ்சவளுக்கு வெளிய வரத் தெரியலையா?" என்றாள் ஆஷிகா.

ஜூலை 9
இரண்டாவது, ஜிடிகே-டெர்ம். அழகான பொத்தான்கள். வயரைச் செருகிய போர்ட்டே இல்லை என்கிறது. தலைவலி.

ஜூலை 10
மூன்றாவதான பிகோகாமும் அதையே சொன்னது. அப்படியானால் தப்பு இவற்றில் இல்லையோ? கணினியின் பதிவுகளைப் படித்தேன். வயரைச் செருகியதும் போர்ட் வருகிறது. உடனே பிரெய்ல் மென்பொருள் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. எங்கள் மழைமானியின் சர்க்யூட் போர்டைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துவிடுகிறது! இணையத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றே: அந்த மென்பொருளை நீக்கிவிடு.
ஆனால் இதே கணினியில்தான் எங்கள் வகுப்பு நிவேதா படிக்கிறாள். அவளுக்குப் பார்வை இல்லை. திரையிலிருப்பதை அவள் பலகையில் விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்குவது அந்த மென்பொருள்தான்.
"ரெண்டு நாளுதானட்டி. பொறவு போட்டுருவோம். அவகிட்ட சொல்லணுமாக்கும்?" என்றாள் ஆஷிகா.
கட்டளையை அடித்துவிட்டேன். எண்டர் மட்டும் பாக்கி. அழித்தேன். ஆஷிகா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என்ன செய்ய? நாலு நாளா இதோடயே மல்லுக்கட்டுதேன். நிவேதா அங்கனதான் இருந்தா — எல்லாம் கேட்டிருக்கும்.

ஜூலை 11
எந்தக் கருவியை அந்த மென்பொருள் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் விதிக் கோப்பு முழுவதையும் படித்தேன். எங்கள் போர்டின் சிப்புக்கு ஒரே ஒரு வரி. நிவேதாவின் பலகைக்கு வேறு வரி. எங்கள் வரியை மட்டும் முடக்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.
"தப்பா அடிச்சு என் பலகை போச்சுன்னா?"
"தெரியலையே."
"போச்சுன்னா பரீட்சை வரைக்கும் நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டணும். வரலாறு உட்பட. ம், அடி."
டீச்சர் கடவுச்சொல் போட்டார். எங்கள் வரியை மட்டும் முடக்கினேன். மூன்று மென்பொருளிலும் எண்கள் வந்தன. திரும்பி வந்த ஆஷிகாவுக்கு ஜிடிகே-டெர்ம்தான் பிடித்தது. "விரலுக்கு ஒண்ணும் வரலையே" என்றாள் நிவேதா. பிகோகாமில் அவள் பலகைக்கும் வரிவரியாக வந்தது. அதையே வைத்துக்கொண்டோம். கண்காட்சிக் குழுவில் மூன்றாவது பெயராக நிவேதாவை டீச்சரிடம் சொன்னது ஆஷிகா.
"வீட்டுக்குப் போங்க பிள்ளையளா" என்றார் லேப் பூட்ட வந்த இசக்கியப்பன் அண்ணாச்சி.
"இருங்க அண்ணாச்சி, இன்னும் பெய்யுது" என்று நிவேதா விரலால் அடுத்த எண்ணை வாசித்தாள்.
அதற்குள் அவர் விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்.