ஒரு டம்ளர் குறைவு

மார்ச் 3, திங்கள்

காலையில் எண்ணினேன். எட்டு. மறுபடியும் எண்ணினேன். எட்டுதான். நேற்று ஒன்பது இருந்தன.

தொட்டி மணலில் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. மொத்த உடம்பே விரல் நகம் அளவு, அதில் பாதி வால். உயிரோடு இருந்தால் அந்த வாலைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க இடுப்பை ஆட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் வளர்ப்பு மீன் கடைக்கார அம்மாள் இந்த இறால்களை ‘ஆட்டக்காரிகள்’ என்கிறார்.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வருகிறது. “பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. எதையாவது சும்மா உட்கார்ந்து பாருங்க. துருவாதீங்க.” தீ விபத்து இழப்பீட்டு மனுக்களை இருபத்திரண்டு வருடமாகத் துருவிக்கொண்டிருப்பவன் நான். எரிந்த கிடங்குக்குள் போய் முதலில் எதில் தீப்பிடித்தது என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என் முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டு, சும்மா பார் என்றால்?

யார் என்ன செய்தார்கள்? வீட்டில் இருப்பது நானும் மனைவியும் மட்டும். நான் செய்யவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பிணத்தைச் சின்ன டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தார்.

“சார், இது சட்டை. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கிட்டிருக்கு. உள்ள ஆளே இல்ல பாருங்க.”

டப்பாவில் இருந்தது வெறும் தோல். கால், மீசை எல்லாம் அச்சாக இருக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. அசடு வழிந்துகொண்டு வந்தேன். மனைவியிடம் கொசு மருந்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளையெல்லாம் வாபஸ் வாங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

ஒன்பதாவது எங்கே என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏழு. இந்த முறை தோல் இல்லை. பாறைக்கு அடியில் நிஜமாகவே ஒன்று, வெளுத்துப் போய்.

வாரம் ஒரு விரல் தண்ணீர் வற்றுகிறது. கண்ணாடியில் பேனாவால் மட்டக் கோடு போட்டிருக்கிறேன். தொட்டிக்கென்றே விற்கும் பொட்டல உப்பை வாளியில் கரைத்துக் கோடு வரை ஊற்றினேன். கடல் உயிருக்குக் கடல் தண்ணீர்தான். வற்றுகிறதே என்று நல்ல தண்ணீரை ஊற்றிக் கொல்ல நான் என்ன விவரம் கெட்டவனா? தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவுமானியில் முள் பச்சைக் கட்டத்துக்கு நட்டநடுவில் நிற்கிறது. இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

மார்ச் 13, வியாழன்

ஆறு.

கொசு மருந்து டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், போன வாரத்தை விட லேசாக இருக்கிறது. கேட்டதற்கு, “கொசு கடிச்சா மருந்து அடிக்கத்தான் செய்வாங்க, உங்ககிட்ட மனு போடணுமா?” என்றாள். நேரடியான பதில் இல்லை. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் வந்துவிட்டார். மனைவியின் அண்ணன், சரக்குக் கப்பலில் பதினெட்டு வருடம் சமையல்காரர். காதுக்குள் ஏதோ கோளாறு. நின்ற இடத்தில் தலை சுற்றுகிறதாம், இனி கப்பலுக்கு லாயக்கில்லை என்று இறக்கிவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவர், வேறு போக்கிடம் கிடையாது. ஒரு பெட்டி, ஒரு தோல்பை, அவ்வளவுதான் மொத்தச் சொத்து. சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார்.

“கொஞ்ச நாளைக்குத்தான் மாப்பிள்ளை.”

கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. முன் அறையில், தொட்டிக்கு எதிரே படுக்கை போட்டாயிற்று.

ஒரு விரல் தண்ணீர் ஊற்றினேன். உப்புக் கரைத்து.

மார்ச் 19, புதன்

ஐந்து! வந்து மூன்றே நாள்.

ஆபீசிலிருந்து வந்தால் மச்சான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், வலது கை விரல் நுனியில் ஈரம். கேட்டேன்.

“நாக்குல வச்சுப் பார்த்தேன் மாப்பிள்ளை. கொஞ்சம் கூடுதலாக் கரிக்குதோ?”

“கடல் தண்ணி பின்ன இனிக்கவா செய்யும்?”

என் தொட்டிக்குள் விரலை விட்டு நக்கியிருக்கிறார்! அந்த விரல் வேறு எங்கெல்லாம் போய் வந்ததோ.

மார்ச் 23, ஞாயிறு

இது விசித்திரம். தண்ணீர் வற்றவே இல்லை, மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. இந்த வெயிலில் எப்படி? வாளியில் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் அப்படியே கிடக்கிறது.

வற்றாத தண்ணீர் உலகத்தில் கிடையாது. யாரோ ஊற்றுகிறார்கள்.

மார்ச் 26, புதன்

நேற்று ஆபீசுக்குக் கிளம்பும்போது தொட்டி மூடியின் ஓரத்தில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுப் போனேன். (மிச்சம் இருப்பவற்றில் ஒன்றைப் பிடுங்கியதில் எனக்கும் வருத்தம்தான்.) திரும்பி வந்து பார்த்தால் முடி அறுந்திருக்கிறது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் மச்சான் மட்டும்.

மார்ச் 27, வியாழன்

சமையலறையில் குடிக்கிற தண்ணீருக்கு வைத்த ஃபில்டர். காலையில் பார்க்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் குறைகிறது. குறி போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக ஒரு டம்ளர். மச்சான் காலையில் காபி மட்டும்தான் குடிக்கிறார்.

மார்ச் 30, ஞாயிறு

ஐந்துதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெரியவள் வயிற்றுக்கடியில் முட்டை சுமக்கிறாள் — பச்சை மணிகள், குண்டூசித் தலையை விடச் சிறியவை. வாலைத் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறாள்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மச்சானும் வந்து பார்த்துச் சிரித்தார். எதற்கு அவ்வளவு சிரிப்பு? எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆதாரம் கிடைத்துவிட்டது. மச்சான் படுக்கைக்குப் பின்னால், ஜன்னல் திட்டில், எவர்சில்வர் டம்ளர். உள்ளே விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஏப்ரல் 5, சனி

டம்ளரைச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன்.

“இது என்ன மச்சான்?”

“டம்ளர்.”

“உள்ள வெள்ளையா?”

“உப்பு.”

மறைக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. மறுப்பவனை மடக்கத் தெரியும், ஒப்புக்கொள்பவனை என்ன செய்வது?

“முதல் ரெண்டு வாரம் தினம் ஒரு டம்ளர் மொண்டுட்டு நல்ல தண்ணி ஊத்தினேன். இப்ப வத்துறதுக்கு மட்டும் ஊத்துறேன். பதினெட்டு வருஷம் கடல்மேலயே கிடந்தவன் மாப்பிள்ளை நான். இது கடலுக்கும் மேல கரிச்சிச்சு. உங்ககிட்ட ஒரு தடவை சொன்னேன்...”

“என் வீட்டுல, என் தொட்டியில, எனக்குத் தெரியாம கை வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? இதுக்கு முன்ன இன்னும் எதெதுல கை வச்சீங்க?”

கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

மச்சான் தோல்பையை எடுத்துக்கொண்டார். “மாலுமிங்க விடுதியில இடம் இருக்கும்மா. பெட்டியை அப்புறம் எடுத்துக்கிறேன்,” என்றார் தங்கையிடம். மாடிப்படியில் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அண்ணனுக்கு அங்க தலை சுத்தினா யாரு பிடிப்பா?”

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. தட்டு வருகிறது, ஆள் வருவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார் மனிதர். அளவுமானியைப் பார்த்தேன். நல்லவேளை, முள் இம்மியும் நகரவில்லை, அதே பச்சைக் கட்டத்தின் நடுவில். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை மாற்றினேன். இரண்டு கரண்டி உப்பு கூடுதலாகவே போட்டுக் கரைத்தேன். இனி யாரும் கை வைக்க முடியாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று. பெரியவள் மணலில் நிற்கிறாள், வால் தொங்கிவிட்டது. பெருமூச்சு விடக்கூடத் தெம்பில்லாதவள் மாதிரி நிற்கிறாள். முட்டைகள் இன்னும் இருக்கின்றன.

இப்போது யார்? மறுபடி ஒட்டி வைத்த முடி அறுபடவில்லை. ஃபில்டரில் தண்ணீர் குறையவில்லை. வீட்டில் யாரும் தொட்டிப் பக்கமே வருவதில்லை. நான் மட்டும்தான்.

நான் மட்டும்தான்.

ஏப்ரல் 12, சனி

ஒரு பாட்டில் தண்ணீரும் அளவுமானியும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த அம்மாள் பேனா மாதிரி ஒரு குழலின் முனையில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டார்.

“என்ன சார், ஊறுகாய் போடுறீங்களா?”

அளவுமானியை வாங்கி வெறும் தண்ணீரில் முக்கினார். முள் அதே பச்சைக் கட்டத்தில் நின்றது. விரலால் சுண்டினார், அசையவில்லை. “உப்பு பூத்து முள்ளு ஒட்டிக்கிச்சு. இது எப்ப பார்த்தாலும் இதையேதான் சொல்லும்.” பிறகு கேட்டார். “வத்தினா என்ன ஊத்துவீங்க?”

“உப்புத் தண்ணி.”

“ஐயோ! வெயிலுக்குப் போறது தண்ணி மட்டும்தான் சார். உப்பு எங்கயும் போகாது, அங்கயேதான் கிடக்கும். வத்தினதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்.”

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இந்த நோட்டையே ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். யாருடையதோ என்று நினைத்துப் படித்தேன்.

மச்சான் வருவதற்கு முன் மூன்று சாவு. வந்த மூன்றாம் நாள் ஒன்று, அதற்கு முந்தைய ஞாயிறு ஊற்றியது நான். அன்று முதல் ஏப்ரல் 5 வரை ஒன்றுகூட இல்லை. முட்டை வைத்தது அந்த நாட்களில்தான். அவரை அனுப்பிய பிறகு இரண்டு சாவு. எவனாவது இப்படி ஒரு மனுவை என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தால் அரை மணி நேரத்தில் ஆளைப் பிடித்திருப்பேன். முடியை ஒட்டினேன், குறி போட்டேன், கட்டிய மனைவியைச் சந்தேகப்பட்டேன். எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிக்கொண்டிருந்த முள்ளை ஒரு தடவைகூடச் சுண்டிப் பார்க்கவில்லை.

அந்த மனுஷன் அப்பவே சொன்னார். கரிக்குதோன்னு கேட்டார். நான்தான் நக்கலடிச்சேன். எதெதுல கை வச்சீங்கன்னு கேட்டேனே — கூடப் பிறந்தவ நிக்கிறப்பவே! வெட்கமா இருக்கு.

கடைக்காரம்மாள் சொன்னபடி, மெதுவாக ஒரு டம்ளர் மொண்டு ஒரு டம்ளர் ஃபில்டர் தண்ணீர் ஊற்றினேன். பயமாக இருந்தது. எவ்வளவு போதும், எப்போது நிறுத்துவது?

மத்தியானம் ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு மாலுமிகள் விடுதிக்குப் போனேன். மச்சான் வராந்தாவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், உட்கார்ந்தபடியே. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று சுவரைப் பிடித்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு பாட்டிலை நீட்டினேன்.

“இதைக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க மச்சான்.”

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடிப் பார்த்தார்.

“எத்தனை இருக்கு?”

“மூணு.”

“முட்டைக்காரி?”

“இருக்கா. வாலு தொங்கிடுச்சு.”

“ஒரே நாள்ல இறக்கினா தாங்காது. தினம் கொஞ்சம் கொஞ்சமா செய்யணும்.” பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தார். வெங்காயத்தைக் கையில் எடுத்தார், ஆனால் உரிக்கவில்லை.

“நான் சொன்னது தப்பு மச்சான்,” என்றேன். “டம்ளரை முன்ன வச்சுக் கேட்டதும் தப்பு, அதுக்கப்புறம் கேட்டது அதைவிடத் தப்பு.”

அவர் என்னைப் பார்க்காமல், “வெங்காயம் கண்ணுல பட்டுடுச்சு,” என்றார்.

ஏப்ரல் 16, புதன்

மனைவி பேசினாள். “ரசீது மாதிரி எல்லாத்தையும் எழுதி வைக்கிறீங்களே, இதையும் எழுதிக்குங்க,” என்றாள். எதை என்று சொல்லவில்லை. அவள் பேசினாள் என்பதை எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்று. மூன்றும் ஆடுகின்றன. முன் அறையில், தொட்டிக்கு எதிரே, மறுபடியும் மச்சானுக்குப் படுக்கை போட்டாயிற்று.

கண்ணாடியில் இருந்த மட்டக் கோட்டை ஈரத்துணியால் அழித்துவிட்டேன். காலையில் ஃபில்டரில் ஒரு டம்ளர் தண்ணீர் குறைவு. நான் யாரையும் கேட்கவில்லை.