நீ வாங்கிய நான்கு டயர்கள்

மச்சான்,

முந்தாநாள் போட்டிருந்த சட்டையைத் துவைக்கப் போடலாம் என்று எடுத்தேன். புது ரப்பர் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, துவைக்காமலே கொடியில் மாட்டிவிட்டேன். உன் பிக்கப் வண்டிக்கு நாலு டயரும் மாற்றியாயிற்று. இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு டயர்தான் வண்டி. மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பாய். என் மகளைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தார்களே, உள்ளே எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் வாசலில் அவர்கள் காரைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். கஸ்தூரிக்குத் தாங்கவில்லை. உனக்கு மனைவி, எனக்குத் தங்கை. இரண்டு பக்கமும் மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உன்னை இழுத்துப்போனாள். நீ உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னாய்: "மாப்ள தங்கமான புள்ள, சம்பந்தி. பின்னாடி எடப்பக்க டயரு மட்டும் ஓரமா தேயுது. என்னான்னு பாக்கச் சொல்லுங்க."

கேசரித் தட்டைக் கீழே வைத்தார் மாப்பிள்ளையின் அப்பா. அவர் சிரித்துக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தா எங்க வண்டியப் பாக்குறீங்களே" என்றார்.

"பொண்ணு அந்த வண்டியிலதான வரப்போவுது" என்றாய் நீ. அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தம் முறியவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகும் பாத்திர வாடகைக் கடையைக் கஸ்தூரி ஒரு நாளும் மூடவில்லை. அண்டாவும் தவலையும் நாற்காலியும் முன்போலவே கடலூரிலிருந்து சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்குப் போய்வருகின்றன. ஆனால் வாடகை வண்டியில். உன் வண்டி மட்டும் முதுநகர் வீட்டுப் பின்புறத்தில், தகரக் கொட்டகையின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தது. கொட்டகை பாதி வண்டியைத்தான் மூடும்; மேற்கு வெயில் ஒரு பக்கத்து டயர்களைத் தினமும் சுடும். உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன முகூர்த்தத்தில் வாடகை வண்டிக்காரர் வரேன் வரேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், இனி நம் வண்டிதான் என்று. பேட்டரி மாற்றினாள், பிரேக் பார்த்தாள், செபாஸ்டின் என்று ஒரு நல்ல டிரைவரை வைத்தாள். காட்டுமன்னார்கோயிலில் ஒரு பெரிய கல்யாணம். வண்டி நிறைய பித்தளை அண்டா. பாத்திரத்தை எண்ணிக் கொடுக்க அவளும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவாள். எப்போதும் போவாள், உனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சிதம்பரத்திலிருந்து நான் போய்ப் பார்த்தேன். வண்டியைக் கழுவிப் பொட்டெல்லாம் வைத்திருந்தாள்.

"எல்லாம் பாத்தாச்சுண்ணா. டயரு மட்டும் யாரும் தொடக் கூடாதுன்னுட்டேன். அவரு போட்டது."

"போட்டு எவ்ளோ நாளாச்சும்மா?"

"அவரு அஞ்சு வருஷம்னு சொல்லியிருக்காரு. தை வந்தாத்தான் அஞ்சு. பட்டன் அப்படியே இருக்கு பாரு, வெரல் போவுது."

பட்டன் என்றால் டயரின் மேல் கட்டை கட்டையாக எழும்பி நிற்குமே, அது. உண்மைதான், தேயவே இல்லை. ஓடினால்தானே தேயும்? செபாஸ்டின் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நான் சொல்லிப் பாத்துட்டேன் சார். டிரைவர மாத்துனாலும் மாத்துவேன், டயர மாத்த மாட்டேன்னு அக்கா சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. அந்த ஐந்து வருஷம் எங்கே பிறந்தது என்று எனக்குத்தானே தெரியும்?

சிதம்பரத்து டயர் கடையில் நாம் இரண்டு பேரும் அன்று அடித்த கூத்தை இப்போது நினைத்தாலும் ரசமாக இருக்கிறது. கடைக்காரர் முதலில் ஒரு கார் டயரைக் கொண்டுவந்து வைத்தார். அதே அளவுதான், குலுங்காது, மெத்தை மாதிரிப் போகும் என்றார். நீ என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, இவருக்கு ஒரு உதாரணம் சொல்லு" என்றாய். நானும் விடவில்லை. காய்கறி வாங்குகிற துணிப்பையும் அரிசி கட்டுகிற கோணிப்பையும் ஒரே அளவில் தைக்கலாம். இரண்டிலும் அரிசி மூட்டை தூக்க முடியுமா என்று கேட்டேன். நீ டயரின் பக்கவாட்டில் விரலை வைத்து, அது எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்கிற எண்ணைத் தேடிப் படித்தாய். பிறகு, எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று சொல்லும் அந்த நாலு எண்ணையும் படித்தாய். ஜவுளிக் கடையில் சாயம் போகுமா என்று கேட்கிறவர்கள்கூட டயரின் வயதைக் கேட்பதில்லை என்று உனக்கு வருத்தம்.

சண்டை வந்தது அதற்குப் பிறகு. இரண்டு டயர் மட்டும் வாங்குவதாக இருந்தாய். புதுசை முன்னால் போட வேண்டும் என்பது உன் கட்சி. "ஸ்டியரிங்கு அங்கதான இருக்கு. உசுரும் அங்கதான ஒக்காந்திருக்கு."

பின்னால் போடு என்பது என் கட்சி. ஈரத் தரையில் இரண்டு பையன்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முன்னால் பிடித்தவன் வழுக்கினால் பெஞ்சு நேராகவே போகும், நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் பிடித்தவன் வழுக்கினால் பெஞ்சே திரும்பிவிடும். மழை ரோட்டில் வண்டியும் அப்படித்தான். பின் சக்கரம் பிடி விட்டால் வண்டியின் வால் நம்மை முந்தப் பார்க்கும், அதற்குமேல் ஸ்டியரிங் கேட்காது என்றேன். கடைக்காரர் டீ வரவழைத்துக் குடித்துவிட்டு, இன்னொரு டீயும் வரவழைத்தார். கடைசியில் நீ கையைத் தூக்கினாய். "இவன் வாய மூட ஒரே வழிதான். நாலும் போடுப்பா."

வீட்டுக்குப் போய்க் கஸ்தூரியிடம், "இனி அஞ்சு வருஷத்துக்கு டயரப் பத்தி நெனைக்கவே வேணாம்" என்றாயாம். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் உன் இதயம் நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை அவள் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். நீ சொன்ன கெடு முடியாதவரை நீயும் முழுசாக முடிந்துபோகவில்லை என்று ஒரு கணக்கு அவளுக்குள் ஓடியிருக்கிறது. வேலை செய்கிற, பேரம் பேசுகிற, நாலு ஊர் சமையல்காரர்களை அதட்டுகிற பெண். இந்த ஓர் இடத்தில் மட்டும் அப்படி.

நான் வாத்தியார் புத்தியைக் காட்டினேன். கொட்டகை ஆணியில் எத்தனையோ நாளாகத் தொங்கிய ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து இழுத்தேன். படக்கென்று அறுந்தது. "இதுல ஒரு கட்டுகூடப் போட்டதில்ல பாரு. சும்மா இருந்தே செத்திருக்கு. அஞ்சு வருஷம்னு அவன் சொன்னது ஓடுற வண்டிக்கு. நிக்கிற வண்டிக்கு இல்ல" என்றேன்.

"எனக்குப் பாடம் நடத்தாதண்ணா. பள்ளிக்கூடத்துலயே நான் ஒன் கிளாஸ்ல ஒக்காரல."

அவள் கையைப் பிடித்து வெயில் படுகிற பக்கம் கூட்டிப்போய்ப் பின் டயருக்கு முன்னால் உட்கார வைத்தேன். "நீயே தொட்டுப் பாரு. அப்புறம் ஒன் இஷ்டம்."

அவள் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கட்டை விரலால் அழுத்தினாள். கோடு கோடாக இருந்தவையெல்லாம் வாயைத் திறந்தன. உள்ளே நூல் தெரிகிற அளவுக்கு ஒன்று. அவள் விரலை எடுக்கவில்லை.

"பித்தவெடிப்பு மாதிரி இருக்கே" என்றாள்.

மச்சான், உன் குதிகாலை எனக்குத் தெரியும். கோடையில் செருப்பே போட முடியாமல் நடப்பாய். தினமும் இரவில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். எவ்வளவு ஆழமான வெடிப்பு எவ்வளவு வலிக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "செபாஸ்டின் தம்பி, கடைக்கு மெதுவா ஓட்டுங்க. லோடு வேணாம், காலி வண்டியாவே போலாம்" என்றாள்.

கடலூரில் நாங்கள் போன கடை உனக்குப் பழக்கமில்லாதது. பரவாயில்லை, நீ கேட்கிறதை எல்லாம் கேட்டோம். டயர் பக்கவாட்டில் நாலு எண்ணைப் படித்தவள் கஸ்தூரி. ஒன்று போன வருஷத்தது என்று கண்டுபிடித்து, மற்றதோடு சேர்ந்த புதுசாக மாற்றி வாங்கினாள். சுமைக்கு என்று செய்த டயர், நான்கும் ஒரே வகை, வால்வும் புதுசு. செபாஸ்டின், "ஸ்டெப்னி?" என்றார். அந்த மாற்று டயர் பழைய நான்கையும்விடக் கிழம். ஐந்தாவதும் வாங்கினோம். காற்றுப் பிடிக்கிறவர், லோடு வண்டிதானே, கல்லு மாதிரி அடித்துவிடுகிறேன் என்றார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கிற அளவைக் காட்டினேன். அதற்குமேல் அடித்தால் டயர், உப்பிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்த இட்லி மாதிரி, நடுவில் மட்டும்தான் தரையைத் தொடும் என்றேன். "சார் வாத்தியாரா? இன்னும் ரிட்டயராகல போல" என்றார் அவர்.

பழைய நான்கையும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பட்டன் முழுசா இருக்கு. நானே எடுத்துக்குறேன், பில்லுல கழிச்சிக்கலாம்" என்றார்.

"எடுத்து என்னா பண்ணுவீங்க?"

"கறுப்பு பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும். செகண்ட்ஸ் கேட்டு யாராச்சும் வருவாங்க. செங்கல் ஏத்துறவங்க, கரும்பு ஏத்துறவங்க."

"அவங்க வண்டியில ஆளு ஒக்கார மாட்டாங்களா?"

அவர் பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"அறுத்துடுங்க" என்றாள் கஸ்தூரி.

"அக்கா, நல்லா..."

"நாலையும் அறுங்க. என் கண்ணு முன்னாடி."

சொல்ல என்னிடம் உதாரணம் எதுவும் இல்லை. கடைக்காரர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துப் பக்கவாட்டில் இறக்கினார். காய்ந்த ரப்பர் முனகிக்கொண்டே பிளந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் கிட்டப் போய் நின்றாள். அதுவரை யாரையும் தொடவிடாதவள், நான்காவதை அவர் எடுக்கும்போது தானே ஒரு கையால் டயரைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கையைத் தட்டிவிட்டு, "இனிமே இதுல யாரும் போவ முடியாது, இல்ல?" என்று கேட்டாள். முடியாதும்மா என்றேன். தலையை ஆட்டினாள். வீடு வந்து சேரும்வரை அழவில்லை. வந்த பிறகு அழுதாள், நன்றாக அழுதாள். இத்தனை நாளாக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பிற்று. நான் அதற்கு முன்னாலேயே சிதம்பரத்துக்குத் திரும்பிவிட்டேன். புது டயர் கொஞ்சம் வழுக்கும், முதல் நாள் வேகம் வேண்டாம் என்று செபாஸ்டினிடம் சொல்லியிருந்தேன். செம்மங்குப்பம் தாண்டும்போது தூறல் பிடித்ததாம். புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தி, சக்கர நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தாராம். பத்து மணிக்கு மேல் கஸ்தூரியே போன் பண்ணினாள். பின்னால் பாத்திரங்கள் இறங்குகிற சத்தம் கேட்டது.

"வந்து சேந்துட்டோம்ணா. அண்டாவெல்லாம் எறக்கிட்டிருக்காங்க."

"வண்டிய விட்டு எறங்குனதும் நாலு டயரையும் தொட்டுப் பாத்தியா? எதாச்சும் ஒண்ணு மட்டும் சூடா இருக்கா?"

யாரிடமோ ஓர் அண்டாவை ஓரமாக வைக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "ஒரே சூடுதான். தொட்டுட்டுத்தான் போன் பண்றேன்."

"சாப்ட்டியா?" என்றேன். எனக்கு வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மொதல்ல டயரு, அப்புறம் சோறு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நீ இருந்த நாளெல்லாம், அவள் ஊர் போய்ச் சேர்ந்ததும் டயரையும் சாப்பாட்டையும் கேட்டு உன் போன் அவளுக்கு வந்துகொண்டிருந்தது, மச்சான். ஏறக்குறைய ஐந்து வருஷமாக வரவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி கம்மாபுரம் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். கிளம்புகிற நேரத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன். போய்ச் சேருகிற நேரத்துக்கு நான் போன் பண்ணுவேன்.