வள்ளம் எங்கே முதலாளி?

கந்தப்பளை,
12.5.1959

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். நீயும் உம்மாவும் தம்பி மர்சூக்கும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். பிள்ளை ரஸீனாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு விட்டதாகவும், கற்பிட்டிக்கே கூட்டி வந்துவிட்டதாகவும் மர்சூக் எழுதியிருந்தான். அல்ஹம்துலில்லாஹ். நான் பாதியில் புறப்பட்டு வந்ததற்கு உனக்கு மனக்குறை இருக்கும். கடையை எத்தனை நாள்தான் பூட்டி வைப்பது?

இங்கே மழை விட்டபாடில்லை. தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது ஏலத்தில் எடுத்தேனே, அந்தக் கூடாரம் இன்னும் காயவில்லை. கடைக்குள் விரித்துப் போட்டால் சீனி மூட்டையெல்லாம் கடல் நாற்றம். ஹோட்டல் சோறு தின்று என் வயிறும் கெட்டுவிட்டது. புருஷன் என்று ஒருவன் மலையில் கிடக்கிறான் என்ற நினைப்பு உனக்கு இருக்கிறதா?

துரைமாரைப் போல ஆளில்லாத தீவில் கூடாரம் அடித்து, குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போகிறேன் என்று போகும்முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது சாமான் வாங்க வருகிறவர்களெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். மர்சூக் சொன்ன நாளில் வந்து ஏற்றவில்லை, அதனால் தண்ணீர் தட்டுப்பட்டுப் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனது என்று சுருக்கமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அதைப் பெரிதுபடுத்தாதே.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சீக்கிரம் புறப்பட்டு வா. நானுஓயா ஸ்டேசனுக்கு நானே வருவேன்.

இப்படிக்கு,
நஸார்


கற்பிட்டி,
21.5.1959

ரஸீனாவின் வாப்பா அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. உம்மா வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மர்சூக்கைப் பற்றி எழுதிய இடத்தை விட்டுவிட்டு வாசித்தேன்.

மர்சூக் சொன்ன நாளில் வரவில்லையா? மூன்றாம் நாள் பகலில் வருவேன் என்றான், வந்தான். எங்களை இறக்கிவிட்டுச் சின்ன வள்ளத்தைக் கொடுத்துப் போகும்போது என்ன சொன்னான்? "மச்சான், ராவைக்குக் கடல் ஏறும். வள்ளத்த நல்லா மேல இழுத்து மரத்துல கட்டிருங்க" என்றான். நீங்கள் நுவரெலியாக் குளத்தில் செய்வதைப் போல, தண்ணீர் ஓரத்திலேயே மணலில் ஏற்றி வைத்தீர்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். விடிந்து பார்த்தால் வள்ளமும் இல்லை, அதற்குள் நிழலில் வைத்த தண்ணீர்த் தகரமும் இல்லை.

அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. மலையில் பிறந்தவருக்குக் கடல் எப்படித் தெரியும்? பிள்ளைக்குச் சிரிப்புக் காட்ட நீங்கள் அந்தத் துரையின் தூண்டிலோடு கரையில் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ஆனால் அன்று காலையிலேயே நீர்கொழும்புக்காரர்களின் படகு வந்ததே! நான் தாழம்புதரின் நிழலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். "வள்ளம் எங்கே முதலாளி? கொண்டுபோய் விடவா?" என்று அவர்கள் கேட்டது எனக்குக் கேட்டது. "அந்தப் பக்கம் கட்டியிருக்கு. எங்களுக்கு ஒரு குறையுமில்ல" என்று நீங்கள் சிரித்துச் சொன்னதும் கேட்டது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். பிறகு நீங்கள் மணலில் குழி தோண்டினீர்கள். அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் பிள்ளை குடித்தாள். இரத்தபேதி அதில்தான் வந்தது என்று டொக்டர் என்னிடம் சொன்னபோது நீங்கள் மலைக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் வந்த பிறகு புறப்படுவதைப் பற்றி யோசிக்கிறேன்.

றம்ஸியா


கந்தப்பளை,
3.6.1959

றம்ஸியாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கடையில் நிற்கவே பிடிக்கவில்லை. போலீஸ்காரன் கேட்பதைப் போலக் கேட்கிறாய்.

சரி, சொல்கிறேன். என் வாப்பா துணி மூட்டையைத் தலையில் சுமந்து தோட்டக் கூலியாட்கள் குடியிருக்கும் லயம் லயமாய் விற்றவர். மழையில் வழுக்கி விழுந்தால் லயத்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். நான் கூடவே போனவன், பார்த்தவன். இன்று அதே தோட்டத்துச் சனம் என்னை முதலாளி என்கிறது. வெற்றுடம்போடு நின்ற நாலு பேர் முன்னால், வள்ளத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இன்னொரு படகு வரும், அதற்குள் வள்ளமும் எங்கேயாவது கரை ஒதுங்கியிருக்கும் என்று நினைத்தேன். பிள்ளை சாகக் கிடக்கட்டும் என்றா நினைத்தேன்?

நீயும் அங்கேதானே இருந்தாய்! உனக்கு வாய் இல்லையா? ஒரு குரல் கொடுத்திருந்தால் படகைத் திருப்பியிருப்பார்களே. புதருக்குப் பின்னால் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கடிதத்தில் பேசுகிறாய்.

மர்சூக் இளவட்டம். அவன் பெயரில் ஒரு சொல் போனால் என்ன குறைந்துவிடும்? ஹஜ்ஜுப் பெருநாளைக்காவது வீட்டுக்கு வந்து சேர். உனக்கும் பிள்ளைக்கும் புதுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். பச்சைக் கரை போட்டது, உனக்குப் பிடிக்கும்.

நஸார்


கற்பிட்டி,
24.6.1959

ரஸீனாவின் வாப்பா அவர்களுக்கு,

பெருநாளுக்கு நாங்கள் வரவில்லை. வரமுடியாமல் இல்லை.

என்ன குறைந்துவிடும் என்று கேட்டீர்கள். பெருநாளுக்கு மறுநாள் கினிகத்தேனையிலிருந்து உங்கள் மூத்தவர் பைஸர் நானாவின் கடிதம் வந்தது. "கூடப்பிறந்த தாத்தாவையும் அவள் பிள்ளையையும் தீவில் இறக்கிவிட்டு மறந்துபோகிற பொடியனை நம்பி என் மகளை எப்படிக் கொடுப்பது?" என்று எழுதியிருக்கிறார். றுக்கையாவை மர்சூக்குக்குப் பேசியது முறிந்துவிட்டது. உண்மையை எழுதுகிறேன் என்று மர்சூக்கிடம் சொன்னேன். "மச்சானுக்கு மானம் போயிரும் தாத்தா, விடுங்க" என்றான். அன்று சாப்பிடாமல் கடலுக்குப் போய்விட்டான். உங்களுக்காக அவன் வாய்மூடிக்கொண்டதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. புருஷனை நாலு பேர் முன்னால் இறக்கிப் பேசக்கூடாது என்றுதான் என்னை வளர்த்தார்கள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று தெரிந்தும், நான் கூப்பிட்டால் நீங்கள் பொய்யனாகிவிடுவீர்களே என்று இருந்துவிட்டேன். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். உங்கள் மேல் உள்ள கோபம் என் மேலும் இருக்கிறது. அதனால்தான் உறக்கமில்லை.

இனி இருக்கமாட்டேன். பைஸர் நானாவுக்கு நேற்றே எழுதிவிட்டேன். வள்ளம் எப்படிப் போனது, படகுக்காரர்கள் கேட்டது, நீங்கள் சொன்னது, நான் பேசாமல் இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. இது உங்கள் கைக்கு வருமுன் அது அவர் கைக்குப் போய்விடும்.

உங்களுக்கு ஆத்திரம் வரும். வரட்டும். புதுத் துணியைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பணமும் வேண்டாம். பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்.

றம்ஸியா


கந்தப்பளை,
6.7.1959

அன்புள்ள றம்ஸியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்த அன்று, கண்ட இடத்தில் உன்னை அறைந்துவிடலாம் என்ற ஆத்திரம். இன்று அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சம்பளத்துக்கு மறுநாள், கடை நிறைய ஆள். பைஸர் நானா கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். உன் கடிதம் கையில். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. எல்லாருக்கும் கேட்கவே கேட்டார்: "இதுல எழுதியிருக்கிறது உண்மையா? வள்ளத்த நீயா வுட்டே? வந்த படகையும் நீயா திருப்பி அனுப்பினே?"

அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று என்னென்னவோ வாய்வரை வந்தது. பிறகு, "ஓம் நானா" என்றேன்.

செல்லசாமிக் கங்காணி சிரித்துவிட்டார். "கடலு ராவுல ஏறுங்களா முதலாளி? நமக்கும் இது தெரியாதே! நானா இருந்தா கூடாரத்தையும் சேத்துல்ல வுட்டிருப்பேன்" என்றார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் றம்ஸியா. இதற்குத்தான் நான் பயந்தேன். அது முடிந்து, அவர் மறுபடி மண்ணெண்ணெய் கேட்டார்.

தோட்டத்து மேற்கணக்கு லயத்து வீரம்மா மாவு வாங்க நின்றது. அது சிரிக்கவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டுங்க. பச்சப் புள்ளைக்கு ரத்தபேதின்னா லேசுங்களா? புள்ள இப்ப எந்திரிச்சு நடக்குதுங்களா?" என்று கேட்டது.

"நல்லா நடக்குது, ஓடி வெளையாடுது" என்றேன். நினைக்காமலே வாயில் வந்துவிட்டது. வீரம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "சாமி காப்பாத்துச்சு" என்று மாவைக் கட்டிக்கொண்டு படியிறங்கியது.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு ஒட்டிக் கிடந்த பிள்ளையைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் எழுந்தாளா, நடக்கிறாளா, எனக்குத் தெரியாது. கூடாரம் காயவில்லை என்று எழுதினேன், என் வயிறு கெட்டது என்று எழுதினேன். பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு எழுதவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் வீரம்மாவைப் பிடித்து, "பொய் சொல்லிட்டேன். புள்ள நடக்குதான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல" என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப கேளுங்க" என்றது.

மர்சூக்குக்கு எழுதுவதாகப் பைஸர் நானா சொன்னார். அவனிடம் நான் நேரில்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். வியாழக்கிழமை இங்கிருந்து புறப்படுகிறேன். உன்னைக் கூட்டிப்போக என்று நினைத்துவிடாதே. உம்மா உள்ளே விடாவிட்டால் பள்ளிவாசலில் தங்கிக்கொள்வேன். நீ பேசாவிட்டாலும் சரி.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேருமோ, பின்னால் வருமோ தெரியாது. இருந்தாலும் எழுதிக் கேட்கிறேன். ரஸீனா நடக்கிறாளா?

நஸார்