அறுக்காத முட்டிக்குக் காசில்லை

20 ஜனவரி 2025

இன்று பத்தாவது முறை. பிசியோதெரபி செய்யும் பெண் தபஸ்ஸும் என் இடது முட்டியில் நான்கு பட்டைகளை ஒட்டிக் கரண்ட் வைத்தாள். அரைமணி நேரம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மூன்று மாதமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டே நின்றவள், மதியம்வரை கையை எடுத்துவிட்டு நின்றேன். வீட்டிலேயே தினமும் வைக்க ஒரு மெஷின் வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கம்பெனிக் காப்பீட்டுக்கு அனுப்பியாயிற்று. நிற்க முடியாவிட்டால் வேலை கிடையாது என்று மேனேஜர் பொங்கலுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

6 பிப்ரவரி

வராதாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் பணமாம். உடம்புக்கு வெளியே மாட்டும் கருவிக்குக் கிடையவே கிடையாதாம்.

எச்.ஆர். பிரபாகர் சமாதானம் சொன்னார். "முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணிக்குங்கம்மா. அதுக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் வருமுங்க."

"கரண்ட் வெச்சா நடக்கற காலை எதுக்குங்க அறுக்கோணும்?"

போனைப் பார்த்தார்.

7 பிப்ரவரி

பேக்கிங் சூப்பர்வைசர் பாண்டியம்மாள் வழி சொல்கிறாள். "எக்கா, எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு. ஒரு ராத்திரி படுத்து குளுக்கோஸ் ஏத்துங்க. மெஷினையும் பில்லுக்குள்ள சேத்துருவாக." எல்லோரும் செய்கிறார்களாம்.

நோயாளி வேஷம் நான் எதற்குப் போட வேண்டும்? என் முட்டி வலிப்பது நிஜம்தானே?

"அப்ப வலியோடயே கெடங்க" என்று போய்விட்டாள்.

கிடக்கிறேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பாலிசி முப்பத்திரண்டு பக்கம். ஆங்கிலம். நான் படித்தது அஞ்சாவது. என் ஆங்கிலமெல்லாம் அட்டைப்பெட்டியிலும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுத்தாளிலும் எழுத்துக்கூட்டிச் சேர்த்தது. இன்று ஒன்பது பக்கம் ஆனது.

சம்பளம் ஏறிவிட்டது என்று ஈ.எஸ்.ஐ.யிலிருந்து எடுத்து இதில் போட்டார்களே, இதில் என்ன இருக்கிறது என்று ஒருவராவது சொன்னார்களா? நானும் கேட்கவில்லை. அது என் தப்பு.

16 பிப்ரவரி

அவர்கள் சொன்ன வரி இருக்கிறது. பதினெட்டாம் பக்கம். பொய் சொல்லவில்லை.

ஆனால், அளவுத்தாளே தப்பென்றால் தாளின்படி தைத்த பனியனும் தப்புத்தான்.

17 பிப்ரவரி

துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் — அதைப் பாலிசியில் ஒட்டினேன். பதினோரு இடம். அட்டையில் 'ரிஜெக்ட்' முத்திரை குத்தி எச்.ஆர். மேஜையில் வைத்தேன்.

"ஏனுங்கம்மா, இது ஆபீஸ் டாக்குமென்ட்டுங்க!"

"எங்கிட்ட வந்த பீஸுங்க. செக் பண்ணீட்டனுங்க."

3 மார்ச்

வலி. மாடிப்படி பதினான்கு.

12 மார்ச்

பாலிசி புதுப்பிக்கும் மாதம். சூப்பர்வைசர்கள் நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் பதினெட்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பாண்டியம்மாள் ஒரு வருஷமாக வலது தோளைத் தூக்க முடியாமல் இருக்கிறாள். முதலில் பேனாவைக் கீழே வைத்தது அவள்தான். பிறகு யாருமே போடவில்லை.

காப்பீட்டுக்காரர் வேல்குமார் நேரில் வந்துவிட்டார். "பாட்டி, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

"பாட்டி இல்லீங்க, செக்கிங் சூப்பர்வைசர். அறுத்தா ரெண்டு லட்சம், அறுக்காம நல்லாக்குனா ஒண்ணுமில்லைன்னு எழுதுனது யாருங்க? அவரைக் கூட்டிட்டு வாங்க."

பின்வரிசையில் விசில் அடித்தார்கள்.

28 மார்ச்

புதிய பாலிசி வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிசியோதெரபியும் உண்டு, கரண்ட் மெஷினும் உண்டு! எல்லோரும் கை தட்டினார்கள். நான் பக்கத்தைத் திருப்பினேன். இந்தச் சலுகை மட்டும் அறுபது வயதுவரை.

எனக்கு அறுபத்திரண்டு.

பாண்டியம்மாள் பேனாவை மூடிவிட்டாள். "நீங்க இல்லாம எங்களுக்கு எதுக்குக்கா?"

"உன்ற தோளு வலிக்கு நானா மருந்து? போடு கண்ணு." பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

போட்டார்கள். நானும் போட்டேன். பக்கத்திலேயே, 'வயது வரம்பை ஏற்கவில்லை' என்று எழுதினேன். பிரபாகர் அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

30 ஏப்ரல்

பாண்டியம்மாளுக்கு மெஷின் வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் நேராக என் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். "காலைல எந்தோளு, சாயங்காலம் உங்க முட்டி."

கூடவே வந்த தாளைப் படித்தேன். காப்பீடு பெற்றவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

"தாளுல எழுதிப் போட்டா போட்டுட்டுப் போறான். உக்காருங்க."

எனக்கென்று பட்டைகளைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

9 மே

வயது வரம்பு பற்றிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குக் கடிதம். நான்கு பக்கம். முடிக்கும்போது நின்றுவிட்டேன். பாண்டியம்மாளின் மெஷினை நானும் வைத்துக்கொள்வதை மறைத்தால் அதுவும் வேஷம்தானே? எழுதினால் அவளுடைய மெஷினுக்கு ஆபத்து. அவள் சரி என்றால்தான் எழுதுவது என்று வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

என் முட்டியில் ஒட்டியிருந்த பட்டையை ஒருமுறை அழுத்திவிட்டாள்.

"எழுதுங்க. எம் பேரை முழுசா எழுதுங்க, இனிஷியலோட."

எழுதினேன்.